இரண்டு மருந்துக்கும் அடங்காத வலிப்பும் பெட் ஸ்கேனும் (மார்த்தாண்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மழையிலும் கருங்கல், மேல்புறம் பக்கமிருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வலிப்பு மாத்திரை தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாதவர், "தலைக்கு ஒரு பெட் ஸ்கேன் எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சிடுமே" என்று கேட்டு வருகிறார். வருடக்கணக்காக மூன்று நான்கு மாத்திரை விழுங்கியும் வலிப்பு நிற்காத பெண்ணிடமோ, இப்படி ஒரு ஸ்கேன் இருப்பதையே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் ஆளுக்கு அது தேவையில்லை. அந்தப் பெண்ணுக்கோ, வலிப்பைக் கிளப்பும் இடத்தைத் தேடி அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா என்று பார்க்க, எப்போதோ எடுத்திருக்க வேண்டும்.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், முறையாகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. உலக வலிப்பு மருத்துவர்கள் சங்கம் 2010இல் சொன்ன வரையறை இதுதான். வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த வகை. முறையாக என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்கு எழுந்து போய்த் தூக்கத்தைத் தொலைப்பது, கோயில் கொடை நாளில் ராத்திரி மாத்திரையை மறப்பது, இதனால் வருகிற வலிப்பை மருந்தின் தலையில் கட்டக் கூடாது.

சரி, இந்த ஸ்கேன் எதைக் காட்டுகிறது? உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். குளுக்கோஸ் போலவே இருக்கும் ஒரு பொருளில் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து ஊசியில் ஏற்றுகிறோம். மூளைச் செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கும். முழுதாக எரிக்கவும் முடியாது, லேசில் வெளியே விடவும் முடியாது. எங்கே எவ்வளவு தேங்கியது என்பதுதான் படம். எம்ஆர்ஐ தெருவிலுள்ள வீடுகளின் சுவரைக் காட்டும் என்றால், இது எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று காட்டும். வலிப்பு வராத நேரத்தில், அதைக் கிளப்பும் இடம் பெரும்பாலும் சர்க்கரையைக் குறைவாகவே எடுக்கிறது. அதனால் எம்ஆர்ஐயில் ஒன்றுமே தெரியாதவர்களில் சிலருக்கு இதில் ஒரு பக்கப் பொட்டு மடல் (காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதி) மங்கித் தெரியும்.

வருகிறவர்கள் ஆறு மணி நேரம்போல வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஆனால் வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது, வெறும் தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் படம் மங்கிப்போகும், அதனால் முதலில் விரல் நுனியில் குத்திப் பார்ப்போம். அப்புறம் மங்கலான அறையில் படுக்கவைத்து, ஊசி போட்டு, அரை மணிக்கு மேல் பேச்சில்லை, போன் இல்லை. தாழ்ப்பாள் சத்தம்கூட எங்களுக்கு எரிச்சல்தான். அந்த நேரத்தில் வெளியே தெரியாத சின்ன வலிப்பு ஒன்று ஓடினால், கோளாறான இடம் பளிச்சென்று ஏறி, நல்ல பக்கம் குறைந்ததுபோல் தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும். அதற்காகத்தான் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி ஒயர்களைத் தலையில் ஒட்டிவைத்துக் கவனிப்பது. கதிரியக்கத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு: 110 நிமிடத்தில் அது பாதியாகிவிடும், அதனால் நீங்கள் தாமதமாக வந்தால் அந்த ஊசி மருந்து உங்களுக்காகக் காத்திராது. கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, படத்தில் மங்கித் தெரிகிற இடம் உண்மையான மூலத்தைவிடப் பெரும்பாலும் அகலமாக இருக்கும். அதை அப்படியே வெட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். வீடியோ இஇஜி, எம்ஆர்ஐ, நினைவாற்றல் சோதனை எல்லாம் ஒரே இடத்தைக் கைகாட்டினால்தான் அறுவை சிகிச்சைப் பேச்சே வரும். பொட்டு மடல் வலிப்பில் அது எவ்வளவு பலன் தரும் என்று 2001இல் கனடாவில் சோதித்தார்கள்: ஒரு வருட முடிவில், அறுவைக்கென்று பிரிக்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேர் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள், மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம். பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்தில் இந்த அறுவை 1995 முதல் நடக்கிறது.

அறுவை முடிந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டார். உடனே கூடாது அம்மா. வலிப்பில்லாமல் கொஞ்ச காலம் போன பிறகு, டாக்டர் பார்த்து மெல்ல மெல்லக் குறைப்பார். சிலருக்கு ஒரு மாத்திரை தொடரவும் செய்யும். டாக்டரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும், வலிப்பு வரும்போது வீட்டார் போனில் எடுத்த வீடியோவையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.