தோப்புக்குப் பின்னால் விழுந்தது எரிகல்லா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்து ஒரு நேயரின் கேள்வி, வாசிக்கிறேன். "அதிகாலை மூன்று மணிக்கு மொட்டை மாடியில் படுத்திருந்தபோது, சுவரில் என் நிழல் விழும் அளவுக்குப் பச்சை வெளிச்சம் ஒன்று பாய்ந்து வந்து பக்கத்துத் தென்னந்தோப்பில் விழுந்தது. சத்தமே கேட்கவில்லை. விடிந்ததும் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அது கெட்ட சகுனம் என்கிறார் பாட்டி. நான் பார்த்தது என்ன?"

நீங்கள் பார்த்தது எரிகல்தான். வெள்ளிக் கோளை விடவும் பிரகாசமாக எரிந்தால் அதைத் தீப்பந்து என்பார்கள். ஆனால் அது உங்கள் தோப்பில் விழவில்லை. எரிகற்கள் பெரும்பாலும் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில்தான் ஒளிரத் தொடங்குகின்றன. 90 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் ஒன்று, அடிவானத்திலிருந்து 10 டிகிரி மேலே, அதாவது தென்னை மட்டைகளை ஒட்டி உங்களுக்குத் தெரிகிறது என்றால், அது உங்களிடமிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது என்று பொருள். இருட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் இல்லாததால் கண் ஏமாந்துபோகிறது. கல்லில் மிச்சம் ஏதேனும் பிழைத்தாலும், தரைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்திலேயே வேகம் குறைந்து அணைந்துவிடும். அதன் பிறகு அது ஒளியில்லாத கறுத்த கல்லாகத்தான் விழும். ஆகவே, எரிந்தபடியே தரையைத் தொட்டதைப் பார்த்தேன் என்று யார் சொன்னாலும், அது அடிவானத்துக்குக் கீழே மறைந்தது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சத்தத்துக்கும் இதே தொலைவுதான் காரணம். ஒலி 30 கிலோமீட்டரைக் கடக்கவே ஒன்றரை நிமிடம் ஆகும். 400 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகருக்கு அருகில், ஏறக்குறைய 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தபோது, ஒளியைக் கண்டு பலர் சன்னலருகே போய் நின்றார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து வந்த அதிர்ச்சி அலை அந்தக் கண்ணாடிகளை நொறுக்கியது. சிகிச்சைக்குச் சென்ற சுமார் 1,500 பேரில் பெரும்பாலோர் கண்ணாடிச் சில்லுகளால் காயம்பட்டவர்கள்.

பச்சை நிறம் பெரும்பாலும் கல்லிலுள்ள மக்னீசியத்தால் வருவது. அதிவேகமாக வருபவற்றில் காற்றின் ஆக்சிஜனும் பச்சையாக ஒளிரும்.

பாட்டியின் நம்பிக்கை மிகப் பழையது. ஒரு பங்குனி நள்ளிரவில் விண்மீன் விழக் கண்டு அஞ்சியதையும், ஏழாம் நாள் சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததையும் கூடலூர் கிழார் புறநானூற்றின் 229ஆம் பாடலில் பாடியிருக்கிறார். மன்னனின் சாவுக்கும் அந்த மீனுக்கும் தொடர்பில்லை. எனக்கு வியப்பளிப்பது வேறு: அப்போது எந்த விண்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது, விழுந்த மீன் எந்தத் திசைகளில் செல்லவில்லை என்றெல்லாம் அவர் குறித்திருக்கிறார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கடிகார நேரம், தோன்றிய திசை, மறைந்த திசை, எத்தனை நொடி நீடித்தது என்பவற்றை உடனே எழுதி வையுங்கள். கையை நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி; உயரத்தை அளக்க அது போதும். பிறகு ஐந்து நிமிடமாவது மாடியிலேயே காது கொடுத்துக் காத்திருங்கள். இடிபோல் ஏதேனும் உருண்டால், அது எத்தனையாவது நொடியில் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.