சான்றிதழ் பெற்ற மருத்துவ இயற்பியலர் ஆவது எப்படி?

(காட்சி: ஏற்காடு மலைப்பாதை. பேருந்து இருக்கையில் உப்பிக் கிடக்கும் சிப்ஸ் பொட்டலம்.)

சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவதற்குள் பலூனைப் போல உப்பிவிடுவதை இந்த ஊர்க்காரர்கள் அனைவரும் பார்த்திருப்போம். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்துவிடுவதே அதற்குக் காரணம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் லினாக் இயந்திரத்தின் டோஸை, அதாவது கதிர்வீச்சின் அளவை, அளந்து சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலர், இதே அழுத்தத்தை நாள்தோறும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்.

(காட்சி: நீர்த்தொட்டி, அதற்குள் அயனியாக்க அறை.)

அவர் நீர்த்தொட்டிக்குள் இறக்கும் அயனியாக்க அறை என்பது, பெரும்பாலும் 0.6 கன சென்டிமீட்டர் காற்று மட்டுமே கொள்ளும், வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் சிறிய குழல். உள்ளிருக்கும் அந்தக் காற்றைக் கொண்டே அது டோஸை அளக்கிறது. அழுத்தம் குறைந்தால் அதற்குள் இருக்கும் காற்றும் குறையும் என்பதால், வெப்பநிலை மாறாதிருந்தாலும், சேலத்தில் 100 என்று காட்டும் கருவி அதே டோஸுக்கு ஏற்காட்டில் ஏறத்தாழ 86 என்றுதான் காட்டும். ஆகவே ஒவ்வோர் அளவீட்டையும் அளவெடுக்கும் இடத்தின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கொண்டு திருத்த வேண்டும். வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படுவது. சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தில் அதை அப்படியே கணக்கில் போட்டால், இயந்திரம் 3 சதவீதம் குறைவாகத் தருவதாகத் தோன்றும். அதை நம்பி இயந்திரத்தைக் கூட்டி வைத்தால், அந்தக் கூடுதல் டோஸ் நோயாளியின் உடம்பில்தான் சேரும்.

(காட்சி: இரண்டு பாதைகளைக் காட்டும் வரைபடம்.)

இந்தியாவில் இப்பணிக்கான தகுதியை வகுப்பது, 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர், அதன்பின் கதிரியக்க இயற்பியலில் டிப்ளமோ பெற வேண்டும். மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் 1962 முதல் நடத்திவரும் ஓராண்டுப் படிப்பு இவ்வகையில் மூத்தது. பி.எஸ்சி.யில் இயற்பியல் படித்தவர் நேரடியாக எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியலில் சேரலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அப்படிப்பு உண்டு. எந்த வழியில் வந்தாலும், போதிய வசதியுள்ள கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் குறைந்தது 12 மாத இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். பட்டம் கையில் இருந்தும் இதை முடிக்காதவரை வாரியம் மருத்துவ இயற்பியலராக ஏற்பதில்லை.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு, அதாவது ஆர்.எஸ்.ஓ., இதற்கு அடுத்த படி. அதற்குத் தனித் தேர்வும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

'சான்றிதழ் பெற்ற' என்ற சொல்தான் பலரைக் குழப்புகிறது. மேலே சொன்னது பணி செய்வதற்கான தகுதி. தொழில்முறைச் சான்றிதழை எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் வைத்து வழங்குவது, காலேஜ் ஆஃப் மெடிக்கல் ஃபிசிக்ஸ் ஆஃப் இந்தியா. பெயரில் காலேஜ் இருந்தாலும் அங்கே வகுப்பறை கிடையாது. 1976இல் தொடங்கிய இந்திய மருத்துவ இயற்பியலர் சங்கம் உருவாக்கிய தேர்வு அமைப்பு அது. வேலையில் சேர அது கட்டாயமில்லை என்றாலும், சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் எழுதிவிடுவது நல்லது என்பதே என் எண்ணம்.

(காட்சி: மருத்துவமனை நடைபாதை, கையில் கோப்புடன் ஒரு மாணவி.)

கட்டணம் கட்டுவதற்கு முன், இன்டர்ன்ஷிப்புக்கான இடத்தைக் கல்லூரியே தருமா, நாமே தேடிக்கொள்ள வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்பு அந்த மருத்துவமனைக்கு நேரில் சென்று, அங்குள்ள பயிற்சி மாணவர்களிடம் பேசுங்கள். நீர்த்தொட்டியைத் தாங்களே மட்டம் பார்த்து வைத்து, பாரோமீட்டரைத் தாங்களே படித்து அளவெடுக்கிறார்களா என்று கேளுங்கள். மூத்தவர் அளக்க, அவர்கள் குறிப்பேட்டில் எழுதுவதோடு சரி என்றால், வேறு மருத்துவமனையைப் பாருங்கள்.