தின்பது உச்சியில், பெருகுவது குப்பையில்

பெரியோர்களே, தென்னை பனை வைத்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை தோப்புகளை அண்ணாந்து பார்த்தால், கத்தரிக்கோலால் வெட்டிவிட்ட மாதிரி ஓலைகள் தெரியும். காண்டாமிருக வண்டின் வேலை. குருத்து மடிந்திருக்கும்போது அது போட்ட ஒரே துளைதான், மட்டை விரிந்ததும் இரண்டு பக்கமும் முக்கோண வெட்டாகத் தெரிகிறது.

வண்டு என்றதும் எல்லோரும் மேலே பார்க்கிறோம். கொஞ்சம் கீழேயும் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். வளர்ந்த வண்டுக்கு உயிருள்ள குருத்து வேண்டும். தென்னை, பனை, ஈச்சை எதுவானாலும் துளைத்துச் சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையை வெளியே தள்ளும். முட்டையிட மட்டும் பச்சை மரம் ஆகாது. மட்கிய சாணம், இற்றுப்போன தென்னந்தடி, பட்டுப்போய் நிற்கும் மரம், இவற்றைத்தான் தேடிப் போகும்.

அங்கே புழுவுக்குக் கிடைக்கும் தீனியைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். ஈரமும் சத்தும் உள்ள எருவில் சில மாதங்களிலேயே விரல் பருமனுக்குக் கொழுத்துக் கூட்டுப்புழுவாகிவிடும். காய்ந்த, சத்தில்லாத குப்பையில் அதே புழு ஓராண்டுக்கு மேலும் இழுத்துக்கொண்டு கிடக்கும். வெளிவரும் வண்டும் சிறுத்திருக்கும். நம்ம ராமநாதபுரத்து வெயில் நமக்குத் துணைதான். ஆனால் எருக்குழியை வரப்போரம் வைத்து, பாய்ச்சல் தண்ணீரையும் அதில் விட்டால் வெயில் என்ன செய்யும்? 2018 கஜா புயல் மாதிரி மரங்கள் சாயும்போது தடிகளை அப்படியே போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் காண்டாமிருக வண்டு ஊர் விட்டு ஊர் போவதும் சாதாரணமாகத்தான். 1909-ல் எதிர்க்கரை இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு சமோவா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதன் கொட்டத்தை அடக்கியது 1967-ல் கொண்டுபோய் விட்ட ஒரு வைரஸ்.

தென்னையைத் தாக்கும் இன்னொரு வண்டான சிவப்புக் கூன்வண்டு வேறு ரகம். தின்பது, முட்டையிடுவது, வளர்வது எல்லாம் ஒரே மரத்துக்குள். காண்டாமிருக வண்டு போட்ட துளைகூட அதற்கு வாசல்தான். முன்னதை விட்டால் பின்னதும் வரும்.

எருக்குழியை அவ்வப்போது கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், கோழிக்கு ஆகும். பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையை எருவில் கலந்துவிட்டால் புழு நோய்பட்டுச் சாகும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பானையில் வைத்தால் வண்டு தானாக வந்து விழும். சாயல்குடிப் பக்கத்துப் பனைக்காரர்களும், பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தால், வடலிக் குருத்தை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.