அப்பாவை நினைவூட்டுவது சொத்தா, பழக்கமா? – ‘பழக்கமே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணிக்கும் சேர்த்துத்தான்.

மறைந்த அப்பாவைப் பிள்ளைகளுக்கு அதிகம் நினைவூட்டுவது அவர் விட்டுப்போன சொத்தா, அவருடைய பழக்கமா? பழக்கமே என்பது எங்கள் கட்சி. வாதத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் ஒரு வண்டி.

டிவிஎஸ் 50! பாருங்கள், பேரைச் சொன்னதுமே பின்வரிசையில் சிரிப்பு. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த வண்டி. எஞ்சின் வெறும் ஐம்பது சிசி. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் அம்மா, அம்மா மடியில் இன்னொன்று, பக்கவாட்டில் அரிசி மூட்டை. போலீஸ்காரரே எண்ணிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிடுவார்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீடு. அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்களுக்கு இலை வாங்க வேண்டும். திண்ணையோரம் அப்பாவின் டிவிஎஸ் 50. மூத்தவர் மெக்கானிக்கல் இன்ஜினியர், சென்னையில் கார் கம்பெனி வேலை. வேட்டியை மடித்துக் கட்டினார், மிதித்தார். வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தார். வேட்டி செயினுக்குள் போனதே தவிர வண்டிக்கு உயிர் வரவில்லை. அடுத்தவர் பேங்க் மேனேஜர். “தள்ளுண்ணே, சோக்கைப் போடணும்” என்று, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் அந்தச் சோக்கை முழுக்க இழுத்துவிட்டு அவரும் மிதித்தார். பெட்ரோல் வாசம் தெருவுக்கே வந்தது. அதாவது பிளக் நனைந்துவிட்டது, இனி பொறி வராது! பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

கடைசியில் தங்கச்சி வந்தாள். “ரெண்டு பேரும் நகருங்கண்ணே.” முதலில் பெட்ரோல் டேப்பை மூடினாள். சோக்கை எடுத்துவிட்டாள். டூல் பெட்டியைத் திறந்தால் பிளக் ஸ்பேனர், பக்கத்திலேயே உள்ளங்கை அளவு உப்புத்தாள். பிளக்கைக் கழற்றி, முனையில் ஒட்டிய கரியை உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்தாள். பிளக்கை மாட்டாமலே பெடலை நாலு மிதி மிதித்தாள். உள்ளே தேங்கிய பெட்ரோல் புஸ்ஸென்று வெளியே போக வேண்டுமே! அப்புறம் பிளக்கை மாட்டி, டேப்பைத் திறந்து, வண்டியைப் பிடித்து இடமும் வலமுமாக ரெண்டு ஆட்டு ஆட்டினாள். கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “ஏம்மா, சாமி வந்திருக்கா?”

சாமி இல்லை நடுவர் அவர்களே, ஆயில்! இது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகையும் பிளக்கில் கரியும். பெட்ரோல் மேல் ஆயிலை ஊற்றினால் அது அடியில் போய் உட்காரும். ஆயில் முதலில், பெட்ரோல் அடுத்து என்பது அப்பாவின் சட்டம். நின்ற வண்டியை ஆட்டிவிட்டு எடு என்பது அடுத்த சட்டம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிளக்கைக் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். ரெண்டே மிதி. வண்டி கிளம்பிவிட்டது. மேனேஜர் கேட்கிறார்: “பாப்பா, இது உனக்கு யாரு சொன்னா?” “யாரும் சொல்லலண்ணே. அப்பா செய்வாரு.”

இப்போது எதிரணி நண்பரிடம் வருகிறேன். சற்று முன் என்ன கேட்டார்? “பழக்கத்தை சர்வே நம்பர் போட்டுப் பதிவு பண்ண முடியுமா? பழக்கத்தைக் காட்டினால் பேங்க் கடன் தருமா?” நல்ல கைதட்டல் வாங்கினார். ஐயா, உங்கள் சொத்தை உங்கள் பேருக்கு மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்கப்புறம் என்றால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. பிறகு தாசில்தாரிடம் வாரிசுச் சான்று. பிறகு வில்லங்கம், பட்டா மாறுதல். பத்திரத்தில் ‘சுப்ரமணியன்’, ஆதாரில் ‘சுப்பிரமணியம்’, இறப்புச் சான்றில் இனிஷியலே இல்லை. போச்சு! ரெண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கிறதுக்குள் நமக்கே வயசாகிவிடும்.

அப்போது காப்பாற்றுவது எது? பீரோ அடித்தட்டில் ஒரு மஞ்சப்பை. அதில் மூலப் பத்திரம், பழைய பட்டா, கம்பியில் குத்திவைத்த கிஸ்தி (நிலவரி) ரசீது, ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் வருடம். ஒரு ரசீதைக்கூடத் தூக்கிப் போடாத அந்தப் பழக்கம் இல்லையென்றால், நண்பரே, உங்கள் சர்வே நம்பரை எங்கே போய்த் தேடுவீர்கள்? மஞ்சப்பையைப் பிரித்த அந்த மேனேஜர் நிலத்தின் அளவையா பார்த்தார்? பென்சில் எழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஐயா. பேங்க்கில் ஆயிரம் பத்திரம் பார்த்த மனுஷன்!

அந்தத் தங்கச்சி இன்று ஓட்டுவது செல்ஃப் ஸ்டார்ட் ஸ்கூட்டர். டிவிஎஸ் 50-இல் வரும் அப்பா தெருமுனை வந்ததும் குனிந்து பெட்ரோல் டேப்பை மூடுவார். கார்பரேட்டரில் மிச்சம் இருக்கும் பெட்ரோலிலேயே வண்டி வீடு வரை வந்துவிடும். ஆயில் தங்காது, காலையில் அடைக்காது. ஸ்கூட்டரில் அந்த டேப்பே கிடையாது. இருந்தாலும் தெருமுனை வந்தால் அவள் கை தானாகக் கீழே போகிறது.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம் நடுவர் அவர்களே. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அப்பாவின் நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். அதனால் மூன்று பேரும் முறை வைத்து அந்த நம்பருக்குப் பணம் கட்டுகிறார்கள். அதில் யாரும் பேசுவதில்லை. காரியம் முடித்து ஊருக்குத் திரும்பிய ராத்திரி, மூத்தவர் வழக்கம்போல அதற்கு “வந்து சேந்துட்டேம்ப்பா” என்று மெசேஜ் போட்டார். பார்த்த தம்பியும் தங்கச்சியும் அண்ணனைக் கேலி பண்ணவில்லை. அவர்களும் போட்டார்கள். இன்றைக்கும், பயணம் போய்ச் சேர்ந்தால் மூன்று பேரும் அந்த நம்பருக்குச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

இது சொத்துக் கணக்கில் வருமா, பழக்கக் கணக்கில் வருமா என்று எதிரணி எழுந்து சொல்லட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.