தட்டைக் கழற்றிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாருங்கள், மெக்கானிக் கடை வாசலில் தையல் மெஷின்கள் வரிசைகட்டி நிற்கும். வருஷம் முழுக்க வீட்டு மூலையில் கிடந்தவை. மேலே ஒரு பழைய சேலை, அதற்கும் மேலே இஸ்திரிப் பெட்டி, பிள்ளைகளின் புத்தகப் பை என்று எல்லாவற்றையும் சுமந்தவை. "மெஷின் ஓடலை", "நூல் அறுக்குது", "தையல் விடுது". பெரும்பாலும் இந்த மூன்று புகார்தான். தையல் சொல்லிக்கொடுப்பதும் மெஷினைக் கழற்றி மாட்டுவதுமாகவே என் காலம் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இப்படி வருகிறவற்றில் நிஜமாகவே பழுதானவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பஞ்சு, தூசி, இறுகிப்போன எண்ணெய். வீட்டிலேயே சரிபண்ணக்கூடியவை.

என்னிடம் தையல் படித்த ஒரு பெண். கணவர் இல்லை. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுத்த மெஷினை வைத்து, பள்ளிச் சீருடை தைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். ஒருநாள் வந்து, "டீச்சர், துணி நகரவே மாட்டேங்குது. கீழே நூல் கொசகொசன்னு சுருட்டிக்குது. புது மெஷின்தான் வாங்கணும்னு சொல்றாங்க" என்றாள். முகம் வாடியிருந்தது.

"ஏம்மா, தட்டைக் கழற்றிப் பாத்தியா?"

"அதை நாம கழட்டலாமா டீச்சர்? மெக்கானிக் இல்ல கழட்டணும்?"

அவள் வீட்டுக்கே போனேன். ஊசியையும், துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தையும் எடுத்துவிட்டு, ஊசி இறங்குகிற தட்டின் இரண்டு திருகாணியைக் கழற்றினோம். துணியைத் தள்ளுகிற பல் இருக்கிறதே, அந்தப் பல் வரிசைகளுக்கு நடுவே பஞ்சு கம்பளி மாதிரி இறுகி உட்கார்ந்திருந்தது. பல் மேலே எழும்பவே இடமில்லை. அப்புறம் துணி எப்படி நகரும்? குண்டூசியால் நெம்பினால் பட்டையாகக் கிளம்பி வருகிறது. அதில் நிறம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே மெரூன், நடுவில் வெள்ளை, அடியில் பச்சை. "டீச்சர், இந்தப் பச்சை அந்தப் பள்ளிக்கூடத்துல யூனிஃபார்ம் மாத்தறதுக்கு முந்தி தைச்சது" என்று அவளே அடையாளம் சொன்னாள். அத்தனை காலமாக அந்தத் தட்டு திறக்கப்படவே இல்லை!

கீழே நூல் சுருட்டியதற்குக் காரணம் வேறு. அவள், கீழ்நூல் கண்டை வைக்கிற கூடான பாபின் கேஸின் குட்டித் திருகாணியைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறாள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கீழே நூல் சுருண்டால் குற்றம் பெரும்பாலும் மேலே இருக்கும். மேல்நூல் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே போகிறதல்லவா, அங்கே ஒரு துண்டு நூல் சிக்கியிருந்தால் போதும், தகடு நூலைப் பிடிக்காது. நூல் தளர்ந்து அடியில் போய்ச் சுருளும். பாதத்தைத் தூக்கினால் தகடுகள் விலகும். மெல்லிய பருத்தித் துணியை மடித்து உள்ளே விட்டு, இப்படியும் அப்படியும் இழுத்தால் சிக்கியது வந்துவிடும். மறுபடி சொல்கிறேன்: கீழே சுருண்டால் முதலில் மேலே பாருங்கள். நூல் கோக்கும்போதும் பாதம் தூக்கியே இருக்கட்டும்.

பஞ்சை எடுக்க ஒரு சின்னப் பெயிண்ட் பிரஷ், இல்லையென்றால் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், பஞ்சும் இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் தெரியுமா? 1924-இல் டெல்லியில் காந்தியடிகளிடம் ஓர் இளைஞர், "நீங்கள் எல்லா இயந்திரங்களுக்குமே எதிரியா?" என்று கேட்டார். சாந்திநிகேதனில் படித்த ராமச்சந்திரன். பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து, எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினாரே, அவரேதான். காந்தி, இந்த உடம்பே ஓர் இயந்திரம், ராட்டையும் இயந்திரம், நான் எப்படி எதிரியாவேன் என்றார். மனிதனை முடமாக்குகிற இயந்திரம்தான் கூடாது. விதிவிலக்குகள் உண்டு என்று சொல்லி, அதற்கு அவர் எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் மெஷினை! மனிதன் கண்டுபிடித்த பயனுள்ள சில பொருள்களில் அது ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துத் தைத்துப் படும் பாட்டைப் பார்த்து, அவள்மேல் உள்ள அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். ராமச்சந்திரனும் விடவில்லை: "அந்த மெஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே?" ஆமாம், ஆனால் அது அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார் காந்தி. 'யங் இந்தியா' பத்திரிகையில் வந்த உரையாடல் இது. வகுப்புக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. தைக்கிறவர் கைக்கு அடங்குகிற இயந்திரம் என்றால், அதைத் திறந்து பார்க்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிதிக்க மட்டும் தெரிந்தால் போதாது.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழி மாதத்தில் பாட்டிலில் அது எப்படி உறைந்து நிற்கிறது? 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மெஷின் துளைக்குள்ளும் அதே கதிதான். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாக ஆகப் பிசுக்காகித் தூசியைப் பிடித்து வைக்கும். தண்ணீர் போலத் தெளிவாக, மூக்கு நீண்ட பாட்டிலில் விற்கிற மெஷின் ஆயில்தான் சரி. தலைப்பகுதித் துளைகளில் ஒவ்வொரு சொட்டு. பிறகு மெஷின் தலையைச் சாய்த்து, அடியில் உரசுகிற இடமெல்லாம் ஒவ்வொரு சொட்டு. பாபின் கேஸ் உட்காருகிற ஷட்டில் ஓடும் பாதையில் ஒரு சொட்டு. மிதியின் மூட்டுகளை மறந்துவிடாதீர்கள். நிறைய விட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். வழிந்த எண்ணெய் நாளைக்குத் துணியில்தான் கறையாகும். நூலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். பாதத்தின் அடியில் ஒரு துணியை மடித்து வைத்து ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் வெட்டுத்துணியில் தைத்துப் பார்த்துவிட்டு, நல்ல துணியை எடுங்கள்.

ஏற்கெனவே இறுகிப்போயிருந்தால் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓட்டித் துடைப்போம், பிறகு ஆயில். இப்போது ரேஷனில் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்டது. மெஷின் ஆயிலையே கொஞ்சம் கூடுதலாக விட்டு, ஒருநாள் ஊறவைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இளகிவிடும். சக்கரம் எப்போதும் உங்கள் பக்கம்தான் சுற்ற வேண்டும்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஊசியைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். தையல் விட்டால் முதலில் ஊசியை மாற்றுங்கள். முனையை நகத்தில் உரசிப் பாருங்கள். கீறினால் முனை மழுங்கிவிட்டது. பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. ஊசியில் நீளப் பள்ளம் இருக்கிற பக்கமிருந்துதான் நூல் கோக்க வேண்டும்.

தோல் பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது, வழுக்கும். மோட்டார் வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தட்டில் கை வைக்க வேண்டும். மோட்டாருக்குள் எண்ணெய் விடவே கூடாது. புதிதாக வந்திருக்கிற பிளாஸ்டிக் மெஷின்களுக்கு, கூட வந்த புத்தகத்தில் சொன்ன இடத்தில் மட்டும் எண்ணெய். விடவேண்டாம் என்று போட்டிருந்தால் விடாதீர்கள். ஆனால் பஞ்சு அதிலும் சேரும், அதிலும் தட்டைக் கழற்ற வேண்டும்.

வணக்கம்.