வித்துக்கு நிறுத்தும் சேவல்

கொடைக்கானல் வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். நாட்டுக்கோழி இனங்களை அவற்றின் இலக்கணம் கெடாமல் பெருக்குவதற்கு எந்தச் சேவலையும் எந்தப் பெட்டையையும் வித்துக்கு நிறுத்த வேண்டும் என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பெரிய உடலுள்ள பெருவிடை, சிறிய உடலுள்ள சிறுவிடை, கிளியைப் போல வளைந்த அலகும் நீண்ட வாலும் உள்ள கிளிமூக்கு விசிறிவால் ஆகிய நாட்டுக்கோழிகளை வளர்ப்பவர்கள் பழனி மலையின் மேல்மலையிலும் கீழ்மலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் பலர் இருப்பதால், கோழியைக் கையில் பிடித்துப் பார்ப்பவருக்குப் பயன்படும்படி பேசவே விரும்புகிறேன்.

ஓர் இனத்தின் உடலமைப்பு, நிற்கும் நிலை, அலகு, கொண்டை, கால், வால், இறகின் தன்மை, நிறம், எடை ஆகியவை எப்படி இருந்தால் அது அந்த இனம் ஆகும் என்று வளர்ப்பவர்கள் கூடி ஒப்புக்கொண்டு எழுதிவைத்த விவரத்தையே இன இலக்கணம் என்கிறோம். இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1874ஆம் ஆண்டிலும் இத்தகைய இலக்கண நூல்கள் முதன்முதலில் வெளிவந்தன. நம் நாட்டு அசில் கோழி கடல் கடந்து இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போய், அங்கே வேறு சண்டைக்கோழி இனங்களோடு கலந்து, கார்னிஷ் என்னும் இனம் உருவாகக் காரணமாயிற்று; இன்று உலகெங்கும் உண்ணப்படும் பிராய்லர் கோழியின் பரம்பரையில் அந்தக் கார்னிஷுக்குப் பெரும் பங்கு உண்டு. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் அசிலை இந்திய இனமாகப் பதிவு செய்திருக்கிறது. ஆயினும் அதன் பூர்விகப் பகுதியாகச் சத்தீஸ்கர், ஒடிசா, ஆந்திரப் பிரதேசம் ஆகியவையே அங்கே குறிக்கப்பட்டுள்ளன. நம் பக்கத்துப் பெருவிடையும் கிளிமூக்கு விசிறிவாலும் அதே வழியைச் சேர்ந்தவைதான். அவற்றின் இலக்கணமோ பெரும்பாலும் வளர்ப்பவர்களின் பேச்சிலும் கண்ணிலுமே இருந்துவருகிறது. ஆகவே தேர்வைத் தொடங்குமுன், தாம் எதை நோக்கித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் ஒரு பக்கமாவது எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதி வைக்காதவரின் கண் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தக் கண்ணின் பின்னால் கோழியும் மாறிவிடும்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. வித்துச் சேவலை அதன் அழகைப் பார்த்து எடுக்கக் கூடாது. அதன் உடன்பிறந்தவற்றையும் தாயையும் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். பன்னிரண்டு குஞ்சு பொரித்த ஒரு கூட்டில் ஒன்று மட்டும் மிகச் சிறந்த சேவலாக வந்து, மற்றவை கால் வளைந்தும் வளர்ச்சி குன்றியும் போயிருந்தால், அந்த ஒன்றின் சிறப்பு அதன் பிள்ளைகளுக்கு இறங்கும் என்று நம்ப இடமில்லை. எட்டு, ஒன்பது குஞ்சுகள் ஒரே சீராக, நடுத்தரத்துக்கு மேல் வந்திருக்கும் கூட்டிலிருந்து எடுக்கும் சேவல், கண்காட்சியில் பரிசு வாங்காததாக இருந்தாலும், வித்துக்கு அதுவே நல்லது. சந்தையில் பெரிய விலை கொடுத்து ஒற்றைச் சேவலை வாங்கி வருபவர்கள், அதன் கூடப் பிறந்தவற்றைப் பார்க்க முடியுமா என்று விற்பவரிடம் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

தேர்வு ஒரே நாளில் முடிகிற வேலை அன்று. பொரித்த அன்றே கோணல் அலகும் மடங்கிய விரலும் உள்ளவற்றைக் குறித்து வைக்கிறோம். எட்டாவது வாரத்தில் எல்லாவற்றையும் எடைபோட்டு, ஒரே நாளில் பொரித்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். வெவ்வேறு நாளில் பொரித்தவற்றை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. பதினாறு முதல் இருபது வாரங்களுக்குள் எலும்பமைப்பு தெரியத் தொடங்கும்போது இரண்டாம் முறை பார்க்கிறோம். பெருவிடை மெதுவாக முதிரும் இனம் என்பதால், சேவலைப் பற்றிய முடிவான தீர்ப்பை அதன் இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவைப்பதே முறை. ஆறு மாதத்தில் மிடுக்காகத் தெரிந்த சேவல் ஒன்றரை ஆண்டில் முதுகு கூனிப்போவதும் உண்டு. ஆறு மாதத்தில் கால் நீண்டு ஒட்டிக் கிடந்த ஒன்று பிறகு நெஞ்சு விரிந்து எல்லாவற்றையும் மிஞ்சுவதும் உண்டு.

உடலைப் பார்ப்பதற்குச் சிறந்த நேரம் கோழிகள் அடைந்த பிறகான மாலை. அப்போது அவை பதறுவதில்லை. ஒரு கையில் கோழியை ஏந்தி, மறு கையால் நெஞ்செலும்பைக் கழுத்தடியிலிருந்து வயிறு வரை தடவிப் பாருங்கள். அது நீண்டு, நேராக, முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். வளைந்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் அந்தக் கோழியை ஒதுக்கலாம். இறக்கைகளுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து முதுகின் அகலத்தைப் பாருங்கள். தோளில் அகலமாகத் தொடங்கி வால் பக்கம் சீராகக் குறைவதே பெருவிடையின் அமைப்பு. பெட்டையாக இருந்தால், முட்டை வரும் வாய்க்கு இருபுறமும் உள்ள மெல்லிய எலும்புகளுக்கு இடையே இரண்டு விரல் நுழைகிறதா, அந்த எலும்புகளுக்கும் நெஞ்செலும்பின் முனைக்கும் இடையே மூன்று விரலுக்குக் குறையாத இடம் மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் பெட்டைக்கே இந்த அளவு பொருந்தும். பிறகு கீழே விட்டு நடக்க வையுங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நெருங்கினால், முன்னிருந்து பார்க்கும்போது கால்களுக்கு நடுவே வெளிச்சம் குறுகிவிடும்; அப்படிப்பட்ட சேவல் கனம் கூடக் கூடப் பெட்டையை அணையத் தடுமாறும். கையில் எடுத்துப் பார்க்காமல் படத்தைப் பார்த்து மட்டும் கோழி வாங்கும் வழக்கம் இப்போது பெருகிவருவது எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் நான் இதுவரை சொன்ன எதையும் படம் காட்டாது.

உடல் தேறிய பிறகே இனக்குறிகளுக்கு வர வேண்டும். நிறம் எல்லாவற்றுக்கும் கடைசி. காகமா, கீரியா, மயிலா, நூலானா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு உடலைப் பார்ப்பவர், நல்ல எலும்பை நிறத்துக்காக விட்டுவிடுவார். நிறத்தைச் சில தலைமுறைகளில் மீட்டெடுக்கலாம். போன உடற்கட்டை மீட்பது மிகக் கடினம்.

கிளிமூக்கு விசிறிவாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் இவற்றுக்கெனக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளையும் பறவைகளையும் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியிருக்கும் நிலையில், சண்டையை விட்டு அழகுக்காக வளர்ப்பது என்று இந்த இனத்தின் பாதை திரும்பியிருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அழகுக்கான தேர்வுக்கும் ஓர் ஆபத்து உண்டு. கிளியைப் போல வளைந்த அலகு வேண்டும் என்று இலக்கணம் சொல்கிறது. அதிகம் வளைந்ததற்கே பரிசு என்று நடுவர்களும் வளர்ப்பவர்களும் நினைக்கத் தொடங்கினால், சில தலைமுறைகளில் மேலலகு கீழலகின் மேல் பொருந்தாமல், தரையில் கிடக்கும் கம்பையும் சோளத்தையும் கொத்தி எடுக்க முடியாத கோழி வந்துவிடும். வாலும் அப்படியே. நீளத்தை மட்டும் நோக்கினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றில் இழுபட்டு இறகு முறியும் வால்தான் கிடைக்கும். எடையைக் கூட்டிக்கொண்டே போனால், சேவலின் கருக்கூட்டும் திறன் குறையும். கனத்த பெட்டை அடையில் உட்காரும்போது முட்டையை நசுக்கும். ஆகவே இலக்கணத்தில் சொன்ன ஒவ்வொரு குறிக்கும் ஒரு மேல் எல்லை உண்டு என்று கொள்ள வேண்டும். தானாகத் தின்று, தானாக அணைந்து, தானாக அடைகாத்துக் குஞ்சை வளர்க்கும் கோழியிடம் காணப்படும் அளவே அந்த எல்லை. அமெரிக்காவில் அருகிவரும் இனங்களைக் காக்கும் அமைப்பு, மரபுக்கோழி என்ற பெயருக்கே இயற்கையாக அணைந்து இனம் பெருக்குவதையும், மெதுவான வளர்ச்சியையும், பெட்டை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளும் சேவல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளும் பயன் தருவதையும் நிபந்தனையாக வைத்திருக்கிறது. நம் கண்காட்சிகளிலும் மூன்று வயதுச் சேவலுக்கென ஒரு தனிப் பிரிவு வைத்து, அதன் பிள்ளைகளோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தால் மிகவும் நன்றாக இருக்கும்.

கொண்டையைப் பற்றி அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது: தாழ்ந்து படிந்த பட்டாணிக் கொண்டை உள்ள சேவலும் பெட்டையும் சேர்ந்தும், ரம்பம்போல் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையுடன் குஞ்சு வருவது ஏன்? பட்டாணிக் கொண்டைக்கான மரபணு ஓங்கி நிற்பது. ஒற்றைக் கொண்டைக்கானது அதன் கீழ் மறைந்திருக்கக்கூடியது. மறைந்திருப்பதைப் பெற்றோர் இருவருமே சுமந்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று ஒற்றைக் கொண்டையுடன் வரும். எனவே அப்படி ஒரு குஞ்சு வந்ததும் தாயை மட்டும் குறை சொல்லி விற்றுவிடுவது சரியன்று. சேவலும் அதைச் சுமக்கிறது என்று உறுதியாகிவிட்டது. ஐயமுள்ள ஒரு சேவலைச் சோதிக்க வேண்டுமானால், ஒற்றைக் கொண்டையுள்ள பெட்டை ஒன்றுடன் அதைச் சேர்த்துப் பத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யுங்கள். பத்தும் பட்டாணிக் கொண்டையாக வந்தால், அந்தச் சேவல் குறையை மறைத்து வைத்திருப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான். இந்தச் சோதனைக்கு முன் பெட்டை வேறு சேவலோடு இருந்திருந்தால் மூன்று வாரம் தனியே வைத்திருந்து, அதன் பிறகு இடும் முட்டைகளையே அடைக்கு வைக்க வேண்டும், ஏனெனில் பெட்டையின் உடலில் சேவலின் உயிரணுக்கள் இரண்டு, மூன்று வாரங்கள் வரை உயிரோடு தங்கியிருக்கும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒரு சேவல், பத்துப் பெட்டை என்பது நம் வீடுகளில் வழக்கமான கணக்கு. உறவுக்குள் கலப்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அறிய, சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் ஒரு கணக்கு உண்டு. விடை சிறிதாக இருந்தால் கலப்பு வேகமாக ஏறும் என்று பொருள். ஒரு சேவலுக்கும் பத்துப் பெட்டைக்கும் விடை ஏறத்தாழ 3.6. பெட்டையை முப்பதாக உயர்த்தினாலும் அது 3.9ஐத் தாண்டாது, நான்கு சேவலும் பன்னிரண்டு பெட்டையும் வைத்தால் 12 ஆகிவிடும். முதல் நிலையில் தலைமுறைக்கு 14 விழுக்காடு அளவுக்கு ஏறும் உறவுக்கலப்பு, நான்கு சேவல் வைத்தால் 4 விழுக்காட்டளவில் நின்றுவிடும். கூமுட்டை பெருகுவதும், குஞ்சு முட்டைக்குள்ளேயே சாவதும், நோய்க்கு எளிதில் விழுவதும் உறவுக்கலப்பின் விளைவுகள். இவை ஏதோ காற்று, கருப்பு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரே வீட்டில் நான்கு சேவல் வைப்பது எல்லோராலும் முடியாது. மூன்று வீடுகள் ஒப்புக்கொண்டால் போதும். தாண்டிக்குடியில் ஒரு வீடு, பண்ணைக்காட்டில் ஒன்று, பெரும்பாறையில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே தங்கும். சேவல்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக அடுத்த வீட்டுக்குப் போகும். தாண்டிக்குடிச் சேவல் பண்ணைக்காட்டுக்கும், பண்ணைக்காட்டுச் சேவல் பெரும்பாறைக்கும், பெரும்பாறைச் சேவல் தாண்டிக்குடிக்கும் ஆண்டுதோறும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். திசை மாறாமல் இருப்பதில்தான் இந்த முறையின் பலன் அடங்கியிருக்கிறது. வெளியிலிருந்து புது ரத்தம் கொண்டுவராமலே பல தலைமுறைகள் இப்படி ஓட்டலாம்.

மேல்மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். மன்னவனூர், கூக்கால், பூம்பாறை போன்ற ஊர்களின் மார்கழிக் குளிரில், இறுகிய குறைந்த இறகுள்ள பெருவிடையின் குஞ்சுகள் சிரமப்படும்; அவற்றுக்கு இறகு முளைப்பதும் தாமதம். அதற்காக அடர்ந்த இறகு வேண்டும் என்று பெருவிடையையே மாற்றத் தொடங்கினால் அது பெருவிடையாக இராது. அங்கே சிறுவிடையை எடுத்து, குளிரிலும் பனிமூட்டத்திலும் தேறிய பெட்டைகளின் வழியைப் பெருக்குவதுதான் சரியான வழி. சிறுவிடையில் அடைகாக்கும் குணத்தை முதல் தகுதியாகக் கொள்ளுங்கள். நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்கப்படும் கலப்பின அசில் குஞ்சுகளிடம் எட்டு வாரத்திலேயே எடை ஏறிவிடுவதைக் காணலாம். உங்கள் கூட்டத்தில் திடீரென ஒரு குஞ்சு மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு வேகமாக வளர்ந்தால், மகிழ்வதற்கு முன் அதன் தகப்பன் யார் என்று விசாரியுங்கள். காட்டை ஒட்டிய வீடுகளில் சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் வந்து கலந்துவிடுமோ என்று கேட்கிறார்கள். அப்படி நேர்வது மிக அரிது. ஆயினும் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்தது என்று 2008ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் மலைக்காட்டில் கூவும் பறவையின் பங்கு உலகத்தின் கோழிகளில் இருக்கிறது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஈரம் வற்றிய பிறகு, தை மாதத்திலிருந்து அடை வைப்பது நல்லது. ஈரத்தரையில் குஞ்சுகளை ரத்தக்கழிச்சல் எளிதில் தாக்கும். முதல்முறை முட்டையிடும் விடைக்கோழியின் சிறு முட்டைகளைத் தவிர்த்து, நடுத்தர அளவுள்ள, ஓடு சீரான முட்டைகளை ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைத்துவிடுங்கள். பொரித்த குஞ்சின் விரலிடைத் தோலில் சிறு துளையிட்டுக் கூட்டின் அடையாளம் வைத்தால், இருபது வாரம் கழித்து எது எந்தத் தாயின் பிள்ளை என்ற குழப்பம் இராது. வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தையும், எட்டாம் வாரத்தில் ஊசியையும் தவறாமல் போட வேண்டும். அப்படியிருந்தும் ஒரு நோய் ஒரு வீட்டின் கூட்டத்தையே கொண்டுபோய்விடக்கூடும் என்பதால், தேர்ந்தெடுத்த வழியில் ஒரு சேவலையும் மூன்று பெட்டைகளையும் வேறொரு ஊரில் நம்பிக்கையானவர் வீட்டில் எப்போதும் விட்டு வையுங்கள். அவற்றின் விவரமும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். நன்றி, வணக்கம்.