ஒழுகின கிடாரம்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மற்ற வணக்கமெல்லாம் மாலையோட முடிஞ்சுது. தலைப்பு, 'மனிசனைத் திருத்துறது வெக்கமா, குற்ற உணர்வா?' நான் குற்ற உணர்வின் பக்கம். தலைப்பு கிடக்கட்டும். எதிரணி ரீச்சர் என்னைப் பற்றிச் சொன்னதைச் சும்மா விட ஏலாது.

என்ன சொன்னாங்க? "கல்லடிப் பாலத்தில பொலிஸ் நிண்டாத்தான் இந்தத் தம்பி ஹெல்மெட் போடுவாரு. நாலு பேர் பாக்கிற வெக்கம் இல்லாட்டி இவரெல்லாம் திருந்துவாரா?" கை தட்டினீங்க. முன் வரிசையில என்ட மனிசியும் தட்டினா. பாத்தன்.

ரீச்சர், கதையைப் பாதியில நிப்பாட்டிட்டீங்க. பாலத்தால இறங்கி, பொலிஸ் கண்ணுக்கு மறைஞ்சதும் அந்த ஹெல்மெட் எங்க போகுது? முழங்கைக்கு! சிரிக்கிறவங்க எல்லாரும் முழங்கையைத் தடவிப் பாருங்க. பாக்கிற கண் இருக்கும் வரைக்கும் தலையில, கண் போனா முழங்கையில. வெக்கத்திட சீத்துவம் அவ்வளவுதான். என்ட கட்சிக்குச் சாட்சி சொன்னதுக்கு நன்றி ரீச்சர்.

1971ல ஹெலன் பிளாக் லூயிஸ் எண்ட உளவியலாளர் இதைப் பிரிச்சுக் காட்டினா. வெக்கப்படுறவன் 'நானே கூடாதவன்' எண்டு குறுகிப் போறான். குற்ற உணர்வு வந்தவன் 'நான் செஞ்சது கூடாது' எண்டு செஞ்சதைப் பாக்கிறான். முதலாமவன் ஒளிப்பான், இல்லாட்டி ஆர்மேலயாவது பாய்வான். ரெண்டாமவனுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கு. வெள்ளைக்காரிட கதை நமக்கெதுக்கு எண்டு ரீச்சர் முகம் சுழிக்கிறாங்க. சரி, நம்மட கிடாரத்துக்கு வருவம்.

மட்டக்களப்பு வாவிக்கு அங்கால, படுவான்கரையில ஒரு கோயில். ஊர்ப் பேர் சொன்னா ஆர்ட சம்பந்தமாவது குழம்பும். ஒருத்தர் மகள்ட கலியாணத்துக்குக் கோயில் கிடாரத்தை இரவல் எடுத்தாரு. சோறு அடிப்பிடிச்சுது. சுரண்டினாங்க. எதால? குழி தோண்டுற அலவாங்கால! சோறு சுரண்ட அலவாங்கு! கரண்டி இல்லையா எண்டு கேக்காதீங்க, இருந்தது. மச்சான்மார் கொஞ்சம் 'சந்தோசத்தில' இருந்தாங்க. கிடாரத்தில ஓட்டை. ராவோட ராவா மடப்பள்ளிக்குப் பின்னால வைச்சிட்டு வந்திட்டாரு.

திருவிழா வந்துது. அன்னதானம். மேல சாம்பார் கொதிக்குது, கீழ நெருப்பு அணையுது. மூட்டுறாங்க, அணையுது. திரும்ப மூட்டுறாங்க, திரும்ப அணையுது. விறகு ஈரம் எண்டு சமையல்காரர் சண்டை. சாமி குத்தம் எண்டு விறகுக்காரன். குனிஞ்சு பாத்தா, சாம்பார் மழை! தலைவர் மைக்கைப் பிடிச்சாரு: "கிடாரம் கொண்டுபோன ஆக்களுக்கு வெக்கமில்லையா?" நாலு ஸ்பீக்கர். வாவியில பாடுற மீனெல்லாம் வாயை மூடியிருக்கும்.

மனிசனுக்கு வெக்கம் வந்துது ரீச்சர், நல்லா வந்துது! கோயில் பக்கம் தலை காட்டல்ல. அடுத்த வருசமும் தலைவர் மைக்கைப் பிடிச்சாரு. இவர் வயலுக்குச் சுத்துப்பாதையால போனாரு. அதுக்கடுத்த வருசமும் மைக். பேரப்பிள்ளைக்கு வேற ஊர்க் கோயில்ல காது குத்தினாரு. அத்தனை வருசமும் கிடாரம் என்ன செஞ்சுது? ஒழுகிச்சு!

மறுகா ஒருநாள் விடியப்பறம் அவர்ட மனிசி தலைவர் வீட்டுக்குப் போனா. "தம்பி, அந்த ஓட்டை நம்மளால வந்தது. கிடாரத்தைத் தாங்க, ஒட்டிக் கொண்டு வாறம்." வேற கதையில்ல. அடுத்த திருவிழாவில மனிசன் கிடாரத்துக்குப் பக்கத்திலதான் நிண்டாரு, அகப்பையோட. அலவாங்கை ஆரும் கிட்டக் கொண்டுபோகல்ல.

பாண்டியன் வெக்கத்தில செத்தானாம், ரீச்சர் சொல்றாங்க. வைகாசிக் குளுத்திச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயில்ல நிக்கிற கிழவிமாரைக் கேளுங்க. அந்தச் சபையில ராசாவை வெக்கப்படுத்த ஆருக்குத் துணிவிருந்தது? சிலம்பு உடைஞ்சு மாணிக்கம் தெறிச்சதும், பிழை தன்னது எண்டு அவனே சொன்னான்.

மணியில கை வைச்சிட்டீங்க நடுவர் ஐயா. ஒண்டு சொல்லிட்டு இறங்குறன்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தையே சரிச்ச தண்ணி. 'பிள்ளைட கையை நான் விட்டுட்டன்' எண்டு இண்டைக்கும் மனசுக்குள்ள சொல்லிக்கொண்டிருக்கிற தாய்மார் இந்தக் கரையில இருக்காங்க. சோறு குழைச்சு மூத்தவனுக்கு ஒரு உருண்டை குடுப்பாங்க. அடுத்த உருண்டை வாங்க ஆளில்லாமக் கையிலயே நிக்கும். ரீச்சர், இந்த இடத்தில என்ட கட்சியையே விட்டுத்தாறன். அது அவங்கட குற்றமில்ல! கோபுரம் சரிஞ்ச தண்ணியில ஒரு தாயிட அஞ்சு விரல் என்ன செய்யும்?

அவங்களிட்டப் போய் "விதி, மறங்க" எண்டு சொல்லாதீங்க. எத்தனை தரம் சொன்னாலும் பக்கத்தில இருந்து கேளுங்க. கேக்க ஆளில்லாட்டி 1926 எண்ட இலக்கத்துக்குப் போன் அடிங்க, தேசிய மனநல நிறுவனத்தில கேப்பாங்க. அம்மா, நீங்க இந்தக் கூட்டத்தில இருந்தா, தீர்ப்புச் சொன்னதும் எழும்பிப் போயிராதீங்க. நான் இஞ்சதான் நிப்பன். ரீச்சரும் நிப்பாங்க.